பூசணத்துக்குப் பெயிண்ட் மருந்தாகுமா? சாரல் ஊரிலிருந்து ஒரு சுவர்க் கணக்கு

ஆடி மாதம் புளியறைக்குப் போனால், சாரல் பிடித்துவிட்டது என்று முதலில் சொல்வது மூக்குதான். பீரோவைத் திறந்தால் பட்டுச் சேலையில் ஒரு வாடை. டப்பாவில் இருக்கிற அப்பளம் நமுத்துக் கிடக்கும். தீப்பெட்டி உரசினால் பற்றாது. கட்டிலை ஒட்டிய சுவரில் போன வருஷம் அடித்த பெயிண்ட் கொப்புளம்போல உப்பியிருக்கும். அதற்கு மேலே மூலையில், மிளகுத்தூளைத் தூவிவிட்ட மாதிரி கறுப்புப் புள்ளிகள்.

"சாரல் ஊர்ல சொவரு வேர்க்கத்தான செய்யும்? இதுக்குப் போயி யாரு மல்லுக்கட்ட?" என்பார் பெரியம்மா. ஊரில் பாதிப் பேர் சொல்வதும் இதுதான். மீதிப் பேர் பெயிண்டரைக் கூப்பிடுவார்கள்.

பெரியம்மா வீட்டில் ஐந்து வருஷத்தில் மூணு தடவை பெயிண்ட் அடிச்சாச்சு. முதலில் சாதாரண டிஸ்டம்பர். அடுத்து பட்டி பார்த்து எமல்ஷன். மூன்றாவது தடவை, ஓதத்தையே தடுத்துவிடும் என்று கடைக்காரர் சொன்ன விலை கூடிய பூச்சு. ஒவ்வொரு முறையும் தை மாதம் சுவர் பளபளவென்று இருக்கும். ஆவணி வருவதற்குள் பழைய குருடி கதவைத் திறடி கதைதான். இதற்கிடையில் பேரனுக்கு இளைப்பு. மாதம் ஒரு தடவை செங்கோட்டைக்கோ தென்காசிக்கோ கூட்டிப்போய் ஆவி பிடித்துவிட்டு வருவார்கள்.

நாலாவதாக வந்த கொத்தனார் பெயிண்ட் பேச்சையே எடுக்கவில்லை. வீட்டைச் சுற்றி வெளியே ஒரு நடை நடந்தார். சுவரோரமாகக் குனிந்து பார்த்துவிட்டு, "இந்தத் தளம் எப்ப போட்டீங்க?" என்று கேட்டார். பைக் நிறுத்த வசதியாக இருக்கட்டும் என்று, சில வருஷங்களுக்கு முன்னால் நாங்களே சுவரை ஒட்டி சிமெண்ட் தளம் போட்டு முற்றத்தை உயர்த்தியிருந்தோம். "பேஸ்மட்டத்த மூடிட்டீங்கள்லா? தண்ணி தடுப்புக்கு மேலயே ஏறி சொவருக்குள்ள போவுது. உள்ள எத்தன பெயிண்ட் அடிச்சி என்ன செய்ய?"

அன்றைக்குப் புரிந்தது, மூணு தடவையும் நாங்கள் காசைக் கொட்டியது தப்பான பக்கத்தில் என்று. பூசணம் என்பது காய்ச்சல் மாதிரி. அது ஒரு அறிகுறி. நோய், சுவருக்குள் இருக்கிற தண்ணீர். அந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்காமல் பெயிண்ட் அடிப்பது, காய்ச்சல்காரருக்குப் புதுச் சட்டை மாட்டுவதற்குச் சமம்.

மலையில் ஒரு திறப்பு

புளியறைக்கு ஏன் இவ்வளவு ஓதம்? தென்மேற்குப் பருவமழையை மேற்குத் தொடர்ச்சி மலை மறித்துவிடுவதால், ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தமிழகத்தின் தென்மாவட்டங்கள் பலவும் காய்ந்து கிடக்கும். ஆனால் செங்கோட்டைக்கும் ஆரியங்காவுக்கும் நடுவே மலை தாழ்ந்து ஒரு கணவாய் இருக்கிறது. கொல்லம் நெடுஞ்சாலையும், 1904-இல் ஓடத் தொடங்கிய செங்கோட்டை–கொல்லம் ரயிலும் மலையைக் கடக்க அந்த வழியைத்தான் பிடித்தன. மேகமும் காற்றும் பிடிப்பது அதே வழிதான். குற்றால அருவியில் தண்ணீர் விழுவதும், புளியறையில் துணி காயாமல் இருப்பதும் ஒரே காரணத்தால்.

ஒரு மணி நேரம் அடித்துப் பெய்யும் மழையில் பெரும்பகுதி சுவரில் வழிந்து ஓடிவிடும். சாரல் அப்படி இல்லை. காற்றோடு சாய்வாக வந்து, மேற்குப் பக்கச் சுவரை நாள்கணக்கில், வாரக்கணக்கில் நனைத்துக்கொண்டே இருக்கும். சின்னச் சின்ன விரிசலெல்லாம் அதைப் பொறுமையாகக் குடிக்கும். சாரல் முடிந்து சுவர் மூச்சு விடுவதற்குள் ஐப்பசி பிறந்துவிடும். வடகிழக்குப் பருவமழை வந்துவிடும். மற்ற ஊர்ச் சுவர் வருஷத்துக்கு ஒரு தடவை நனைகிறது என்றால், இந்த ஊர்ச் சுவர் இரண்டு தடவை நனைகிறது. காய்வதற்குக் கிடைக்கும் நாட்களும் குறைவு.

இந்தப் பக்கத்துப் பழைய வீடுகளைக் கட்டியவர்களுக்கு இது தெரிந்திருந்தது. 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டை வட்டாரம் தமிழகத்தில் இல்லை, திருவிதாங்கூர் பக்கம் இருந்தது. சாய்ந்த ஓட்டுக்கூரை, சுவரைத் தாண்டி நீண்டு இறங்கும் இறவாணம், உயர்ந்த திண்ணை, சுண்ணாம்புப் பூச்சு ஆகியவை மலையின் இரு பக்கமும் பொதுவாக இருந்தவை. அந்த வீடுகள் ஒழுகாமல் இருந்தன என்று சொல்லவில்லை. ஓடு உடையும், குரங்கு ஏறி மிதிக்கும், கரையான் வரும். ஆனால் சுவர் நனைந்தால் காயவும் செய்தது. பிறகு நாமெல்லாம் மதுரையிலும் சென்னையிலும் கட்டுகிற மாதிரி மொட்டை மாடி, ஒன்றரை அடி சன்ஷேட் என்று மாறிவிட்டோம். மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் கான்கிரீட் வீட்டுக்கு மேலேகூட மறுபடியும் ஒரு சாய்ந்த கூரை போட்டுக்கொள்கிறார்கள். திருவனந்தபுரத்தில் வாழ்ந்து 2007-இல் மறைந்த கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் திரும்பத் திரும்பச் சொன்னதும் இதைத்தான்: மழை பெய்கிற ஊரில் சுவருக்கு முதல் பாதுகாப்பு, நீண்டு இறங்குகிற கூரை.

எந்தத் தண்ணீர் என்று பாருங்கள்

சுவருக்குள் தண்ணீர் நாலு வழியில் வரும். ஒவ்வொன்றுக்கும் ஒரு கையெழுத்து உண்டு.

முதலாவது, கீழிருந்து ஏறுவது. விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல, செங்கல்லும் பூச்சும் மண்ணின் ஈரத்தை மேலே இழுக்கும். தரையிலிருந்து பொதுவாக மூன்றடி உயரம் வரை ஒரு கோடு மாதிரி கறை தெரியும். வெள்ளையாக உப்புப் பூக்கும், பூச்சு மாவாக உதிரும். அந்த வெள்ளைப் பொடி பூசணம் அல்ல. மண்ணிலும் செங்கல்லிலும் இருந்த உப்பு. தண்ணீரில் போட்டால் கரைந்துவிடும். பூசணம் கரையாது.

இரண்டாவது, வெளியிலிருந்து ஊடுருவுவது. காற்று அடிக்கிற பக்கத்துச் சுவரில், ஜன்னலைச் சுற்றி, சன்ஷேட் சுவரோடு சேரும் இடத்தில், கைப்பிடிச் சுவருக்குக் கீழே திட்டுத் திட்டாக வரும். மழை பெய்தால் கூடும், நின்றால் குறையும்.

மூன்றாவது, குழாய்க் கசிவு. பாத்ரூமுக்கும் அடுப்படிக்கும் அடுத்த அறைச் சுவரில் வரும். சித்திரை வெயிலிலும் காயாத கறை என்றால் முதலில் இதைச் சந்தேகப்படுங்கள்.

நாலாவது, வீட்டுக்குள்ளிருந்தே வருவது. இதை நாம் யாரும் கணக்கில் எடுப்பதில்லை. சோறு வடிக்கிற ஆவி, குளிக்கிற வெந்நீர், மழைக்காலத்தில் அறைக்குள் கொடி கட்டிக் காயப்போடும் துணி, மூடிய அறையில் நாலு பேர் விடும் மூச்சு எல்லாமே காற்றில் சேரும் தண்ணீர்தான். சுவரின் மேற்பரப்பை ஒட்டிய காற்றில் ஈரப்பதம் 80 சதவீதத்துக்கு மேல் நாள்கணக்கில் நின்றால், பூசணத்துக்குத் தனியாக ஒழுகல் எதுவும் தேவையில்லை. பெயிண்ட், தூசி, பட்டியில் இருக்கும் பசை எல்லாம் அதற்குச் சாப்பாடு. பீரோவுக்குப் பின்னால், கட்டிலுக்கு அடியில், காற்று போகாத மூலையில் முதலில் தலைகாட்டும்.

ஒரே சுவரில் இரண்டு வழியும் சேர்ந்து வரலாம். பெரியம்மா வீட்டில் அதுதான் நடந்தது. கீழே மூன்றடி, முற்றத்திலிருந்து ஏறிய தண்ணீர். மேல் மூலையில் இருந்த கறுப்பு, சுவரோடு ஒட்டிவைத்த பீரோவாலும், சாரல் வருகிறதே என்று மூன்று மாதம் திறக்காத ஜன்னலாலும் வந்தது.

செலவில்லாத சோதனைகள்

ஒரு அடிக்கு ஒரு அடி பிளாஸ்டிக் தாளை, கறை உள்ள இடத்தில் நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டுங்கள். இரண்டு நாள் கழித்துப் பாருங்கள். தாளுக்குப் பின்னால், சுவர்ப் பக்கம் ஈரம் என்றால் தண்ணீர் சுவருக்குள்ளிருந்து வருகிறது. அறைப் பக்கம் பனித்திருந்தால் அது வீட்டுக்குள் இருக்கும் காற்றின் ஈரம்.

ராத்திரி எல்லாக் குழாயையும் மூடிவிட்டு, மாடித் தொட்டியில் தண்ணீர் மட்டத்தைக் குறித்து வையுங்கள். காலையில் இறங்கியிருந்தால் எங்கோ கசிகிறது.

மழை பெய்யும்போது குடையோடு வெளியே போய் வீட்டை ஒரு சுற்றுச் சுற்றுங்கள். மாடித் தண்ணீர் குழாய் வழியே இறங்குகிறதா, இல்லை சருகு அடைத்துச் சுவரில் வழிகிறதா? சன்ஷேட் விளிம்பில் தண்ணீர் சொட்டுகிறதா, அடிப்பக்கமாக உருண்டு சுவருக்குத் திரும்பி வருகிறதா? மழை விட்டு ஒரு மணி நேரம் கழித்தும் மாடியில் எங்கே தேங்கி நிற்கிறது? பத்து நிமிஷத்தில் தெரிந்துவிடும் சங்கதி இது. வெயில் காலத்தில் வந்து பார்க்கும் எந்த நிபுணருக்கும் இது தெரியாது.

கடைசியாக, உள்தரை மட்டத்தையும் வெளியே இருக்கும் மண் மட்டத்தையும் அளந்து பாருங்கள். வீட்டின் பேஸ்மட்டம் சுற்றியுள்ள தரையிலிருந்து குறைந்தது 45 செ.மீ., அதாவது ஒன்றரை அடி உயர்ந்திருக்க வேண்டும் என்பது தேசியக் கட்டட விதித்தொகுப்பின் கணக்கு. கட்டும்போது இருந்த உயரம் இப்போதும் இருக்கிறதா என்று பாருங்கள். நாம் போடும் முற்றத் தளம், பக்கத்து மனையில் கொட்டும் மண், வருஷத்துக்கு வருஷம் ஏறும் தெரு எல்லாம் சேர்ந்து அதைத் தின்றிருக்கும்.

கறுப்பைத் துடைக்கும் முன்

காய்ந்த விளக்குமாற்றால் பூசணத்தைத் தட்டவே கூடாது. தட்டினால் அதன் நுண்வித்துகள் அறை முழுக்கப் பறக்கும். மூன்றடிக்கு மூன்றடி அளவுக்குள் இருந்தால் நீங்களே சுத்தம் செய்யலாம். என்-95 மாஸ்க், கையுறை போட்டுக்கொண்டு, ஜன்னலைத் திறந்துவைத்து, சோப்புத்தூள் கரைத்த தண்ணீரில் நனைத்த துணியாலோ பிரஷ்ஷாலோ தேய்த்து எடுங்கள். பிறகு மின்விசிறி போட்டுக் காயவிடுங்கள். குழந்தைகளும், இளைப்பு இருக்கிறவர்களும் அந்த நேரம் அறையில் வேண்டாம். அதைவிடப் பெரிய பரப்பு என்றால், ஆள் வைத்துப் பூச்சையே எடுப்பதுதான் நல்லது.

பிளீச்சிங் போட்டால் கறுப்பு வெளுக்கும். ஆனால் பூச்சுக்குள் ஈரம் இருக்கும்வரை திரும்ப வரும். அதையும் மீறிப் போடுவதானால் ஒன்று மட்டும் மறக்கக்கூடாது: பிளீச்சிங்கோடு கழிவறை கழுவும் ஆசிட்டைக் கலக்கவே கூடாது. குளோரின் வாயு கிளம்பும்; மூடிய அறையில் அது ஆளைச் சாய்த்துவிடும்.

வேலையின் வரிசை

முதலில் தண்ணீரை நிறுத்த வேண்டும். அடுத்து சுவரைக் காயவிட வேண்டும். அதற்குப் பிறகுதான் பூச்சு, கடைசியில்தான் பெயிண்ட். நம் ஊரில் நடப்பது இதற்குத் தலைகீழ். தீபாவளிக்கோ கல்யாணத்துக்கோ பெயிண்ட் அடிக்கிறோம். அது ஐப்பசியிலோ ஆவணியிலோ வரும், சுவர் நன்றாக நனைந்திருக்கும் நேரம். ஈரச் சுவரில் பிளாஸ்டிக் மாதிரி மூடும் எமல்ஷன் அடித்தால், உள்ளே இருக்கிற தண்ணீர் வெளியேற வழியில்லாமல் பெயிண்டைத் தூக்கிக்கொண்டு வரும். கொப்புளம் அப்படித்தான் உண்டாகிறது.

தென்காசிப் பக்கத்தில் சுவர் வேலைக்கு ஏற்ற காலம் மாசியிலிருந்து சித்திரை வரை. பெரியம்மா வீட்டில் மாசியில் ஆரம்பித்தோம். சுவரோரம் ஒன்றரை அடி அகலத்துக்குச் சிமெண்ட் தளத்தை உடைத்து, பழைய மட்டம் வரை மண்ணை எடுத்து, ஜல்லி போட்டுத் தண்ணீர் தெருப்பக்கம் ஓடும்படி வாட்டம் கொடுத்தோம். உள்ளே நாலடி உயரத்துக்கு உப்பேறிய பூச்சைச் செங்கல் தெரியும்வரை கொத்தி எடுத்து, இரண்டு மாதம் அப்படியே விட்டுவிட்டோம். வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாம் "என்ன, வீட்டை இடிக்கீங்களா?" என்று கேட்டார்கள். பெரியம்மாவுக்கு அதுதான் பெரிய வருத்தம். பிறகு சுண்ணாம்புப் பூச்சு, அதன்மேல் வெள்ளை. சன்ஷேட் அடியில் விளிம்பை ஒட்டி நீளவாக்கில் அரை அங்குலப் பள்ளம் வெட்டியதால் தண்ணீர் திரும்பி வராமல் அங்கேயே சொட்டியது. பீரோவைச் சுவரிலிருந்து நாலு விரற்கடை தள்ளி வைத்தோம். சாரல் ஓய்ந்திருக்கும் நேரமெல்லாம் எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்துவைத்தோம்.

அடுத்த சாரலுக்கு, சுவரின் அடியில் ஒரு சாண் உயரத்துக்குக் கறை வந்தது. முழுசாகப் போய்விட்டது என்று சொன்னால் பொய். ஆனால் கறுப்பு வரவில்லை, வாடை இல்லை. பேரனின் இளைப்பு இந்தச் சுவரால்தான் வந்தது என்று நான் அடித்துச் சொல்லவும் மாட்டேன். அவனை இப்போது அந்த அறையில் படுக்கவைக்க யோசிப்பதில்லை, அவ்வளவுதான்.

புதிதாகக் கட்டுகிறவர்களுக்கு இந்தப் பாடு வேண்டியதில்லை. பேஸ்மட்டத்தின் மேல், சுவர் எழும்பும் முன், ஒன்றரை அங்குலக் கனத்தில் நீர்த்தடுப்பு மருந்து கலந்த கான்கிரீட் பட்டை போடுவதற்கு மொத்தச் செலவில் ஒரு சிறு பங்குதான் ஆகும். பிறகு வெளியே எந்த மண்ணும் தளமும் அதைத் தாண்டி ஏறக்கூடாது. மாடியில் பத்தடிக்கு ஒன்று முதல் ஒன்றரை அங்குலம் வாட்டம் வேண்டும். மேற்குச் சுவருக்கு அகலமான சன்ஷேட் வேண்டும். கட்டி முடித்த சுவர் ஒரு கோடையாவது காய்ந்த பிறகு பட்டி பாருங்கள்.

இங்கிலாந்தில் ஒரு குழந்தை

"ஓதத்துக்குப் போயி இவ்ளோ பேச்சா?" என்று கேட்கிறவர்களுக்கு ஒரு செய்தி. இங்கிலாந்தின் ராச்டேலில் ஒரு சமூகக் குடியிருப்பு வீட்டில் வாழ்ந்த அவாப் இஷாக் என்ற குழந்தை, 2020 டிசம்பரில், இரண்டாவது பிறந்த நாள் முடிந்த சில நாட்களில் இறந்துபோனான். சுவர்ப் பூசணத்தை நெடுநாள் சுவாசித்ததால் வந்த மூச்சுக் கோளாறே சாவுக்குக் காரணம் என்று 2022 நவம்பரில் மரண விசாரணை அதிகாரி முடிவு சொன்னார். குழந்தையின் அப்பா 2017-லேயே பூசணம் பற்றி முறையிட்டிருந்தார். அவருக்குக் கிடைத்த யோசனை, மேலே பெயிண்ட் அடித்துக்கொள்ளுங்கள் என்பது.

பெரியம்மா வீட்டுக்கு வந்த பெயிண்டர்கள் சொன்னதும் அதேதான்.

அந்தச் சாவுக்குப் பிறகு அங்கே சட்டம் வந்தது. அவாப் சட்டம் என்றே பெயர். 2025 அக்டோபர் முதல், சமூகக் குடியிருப்புகளில் ஆபத்தான ஓதமும் பூசணமும் பற்றிப் புகார் வந்தால், வீட்டுக்காரத் தரப்பு குறிப்பிட்ட நாட்களுக்குள் வந்து பார்த்து, சரிசெய்தாக வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2009-லேயே வீட்டு ஓதம், பூசணம் பற்றித் தனி வழிகாட்டி வெளியிட்டிருக்கிறது. ஓதமேறிய வீட்டில் இருக்கிறவர்களுக்கு இருமல், இளைப்பு, ஆஸ்துமா தீவிரமாதல் ஆகியவற்றின் அபாயம் கூடுதல் என்கிறது அது. நம் ஊரில் இளைப்போடு போகும் குழந்தையிடம் ஆவி பிடிக்கும் மருந்துச் சீட்டோடு சேர்த்து, "படுக்கிற அறைச் சுவர் எப்படி இருக்கு?" என்ற கேள்வியையும் கேட்டால் என்ன?

யார் பொறுப்பு?

சொந்த வீட்டுக்காரர் சுவரைக் கொத்தலாம். வாடகைக்கு இருக்கிறவர் என்ன செய்வார்? கொத்தவும் முடியாது, காலி செய்யவும் முடியாது. "நீங்க ஜன்னலத் திறக்கல, உள்ள துணி காயப்போடுதீங்க" என்று பழி வேறு. அதில் கொஞ்சம் உண்மை இருக்கலாம். ஆனால் தரையிலிருந்து ஏறும் தண்ணீருக்கும், விரிசல் விட்ட கைப்பிடிச் சுவருக்கும் குடியிருப்பவர் என்ன செய்ய முடியும்? 2019-இல் அமலுக்கு வந்த தமிழ்நாட்டின் புதிய வாடகைச் சட்டம், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாதவரை, கட்டமைப்புப் பழுதுகளையும் சுவருக்கு வெள்ளையடிப்பதையும் உரிமையாளர் பொறுப்பில்தான் வைக்கிறது. ஒப்பந்தம் எழுதும்போதே ஒழுகலும் ஓதமும் யார் கணக்கு என்று ஒரு வரி எழுதிவாங்குங்கள். குடிபோகும் நாளில் சுவர்களைத் தேதியோடு போட்டோ எடுத்து வையுங்கள்.

அரசுக்கும் ஒரு கேள்வி உண்டு. கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் ஒரு வீட்டுக்கு 3.50 லட்சம் ரூபாய். ராமநாதபுரத்துக் காய்ந்த மண்ணில் கட்டினாலும் அதே தொகை, புளியறைச் சாரலில் கட்டினாலும் அதே தொகை. மலையடிவாரத்து ஒன்றியங்களில் உயரமான பேஸ்மட்டம், நீர்த்தடுப்புப் பட்டை, அகலமான சன்ஷேட் ஆகிய மூன்றையும் கட்டாயமாக்கி, அதற்கான கூடுதல் தொகையும் கொடுப்பது பெரிய காரியம் அல்ல. கொடுக்காவிட்டால், அந்தக் குடும்பம் அதைவிட அதிகமாகப் பெயிண்டுக்கும் மருந்துக்கும் கொடுக்கும்.

தெருவுக்கும் அதே கணக்குதான். பழைய மேற்பரப்பைச் சுரண்டி எடுத்துவிட்டே புதிய சாலை போட வேண்டும், மட்டம் உயரக்கூடாது என்று 2021-இல் அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு உத்தரவிட்டார். உங்கள் தெருவில் அடுத்த தடவை ரோடு போட வரும்போது, வாசலில் நின்று அந்த உத்தரவை நினைவுபடுத்துங்கள். தெரு அரை அடி ஏறினால், உங்கள் பேஸ்மட்டம் அரை அடி இறங்கிவிட்டது என்று அர்த்தம்.

பெரியம்மா இப்போதும் "சாரல் ஊர்ல சொவரு வேர்க்கத்தான செய்யும்" என்றுதான் சொல்கிறார். ஆனால் போன மாதம் பக்கத்து வீட்டில் பெயிண்டர் ஏணி போட்டபோது, வேலியோரம் நின்று ஒரு கேள்வி கேட்டாராம்: "ஏல தம்பி, வெளிய சுத்திப் பாத்தியா?"